தடகள ராணிகளும் தார் ரோடும்

2017 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. டெல்லி ஹாஃப் மராத்தான் நடந்த நாள். அந்த வருடம் இங்கே இருந்தவர்களுக்கு அந்தப் புகைமூட்டம் மறந்திருக்காது. இந்திய மருத்துவர் சங்கமே 'ஓட்டத்தை நிறுத்துங்கள்' என்று கேட்டுக்கொண்டது. நிறுத்தவில்லை.

கும்பகோணத்திலிருந்து அக்கா வந்திருந்தாள். விடியும் முன்பே என்னை எழுப்பி, "ஓட்டம் பார்க்கணும், கிளம்புடா" என்றாள். தங்கமணி போர்வைக்குள்ளிருந்தே "மூக்கைக் கட்டிக்கிட்டுப் போங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மயூர் விஹாரிலிருந்து ஆட்டோ பிடித்து நேரு ஸ்டேடியம் பக்கம் போய் நின்றோம்.

அக்காவுக்கு ஓட்டத்தில் ஏன் இத்தனை ஆசை என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட நாட்களில் 800 மீட்டரில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவள் அவள். பத்தாவது முடிந்ததும் வீட்டுப் பெரியவர்கள் கூடி, "பொம்பளப் புள்ளைக்கு இதுக்கு மேல ஓட்டம் எதுக்கு, உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். அத்தோடு சரி.

அன்று டெல்லியில் ஓட வந்திருந்தவர் எத்தியோப்பியாவின் அல்மாஸ் அயானா. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரை 29 நிமிடம் 17.45 விநாடியில் ஓடி, சீனாவின் வாங் ஜுன்சியா 1993இல் வைத்த உலக சாதனையை 14 விநாடி குறைத்தவர். 2017 ஆகஸ்டில் லண்டன் உலகப் போட்டியிலும் அதே தூரத்தில் தங்கம், அதுவும் இரண்டாவதாக வந்தவரை 46 விநாடி பின்னால் விட்டு. ஹாஃப் மராத்தான் ஓடுவது அன்றுதான் முதல் தடவை.

"உலக சாதனைக்காரிங்கறியே, இன்னிக்கு ரோட்டுலயும் உடைச்சிடுவாளா?" என்றாள் அக்கா.

"உலக சாதனை கஷ்டம். ஆனா டெல்லி ரெக்கார்ட் இன்னிக்குக் காலி, பார்த்துக்கோ" என்றேன். டெல்லி சாதனை கென்யாவின் மேரி கெய்தானி 2009இல் ஓடிய 1:06:54. தோற்றவர் சரவண பவனில் டிபன் வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம்.

அயானா ஜெயித்தார். ஆனால் 1 மணி 7 நிமிடத்துக்குச் சில விநாடிகள் மேலே போய்விட்டது. சாதனைக்கு இருபது விநாடிகூட பாக்கியில்லை, இருந்தாலும் உடையவில்லை. தோசைக்குக் காசு கொடுத்தது நான். நெய் ரோஸ்ட்டைப் பிய்த்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "முதல் தடவையே உடைச்சாகணுமா? இன்னும் நாலு வருஷம் ஓட விடுங்கடா அவளை."

அப்போது அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கப் படிக்க, அக்கா சொன்னதுதான் சரியான விடை என்று தெரிந்தது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஜெயித்தார். ஓடி முடித்த பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. ஆண்கள் விழுந்தால் அது வீரம், பெண்கள் விழுந்தால் அது ஆபத்து! அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். 1960 ரோம் ஒலிம்பிக் வரை, 32 வருடம், பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் எதுவும் இல்லை. 1972இல் 1500 மீட்டர் வந்தது. 1984இல்தான் 3000 மீட்டரும் மராத்தானும். 10,000 மீட்டர் 1988இல். 5000 மீட்டருக்கு 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கும்பகோணத்தில் சொன்னதைத்தான் ஒலிம்பிக் பெரியவர்களும் சொல்லியிருக்கிறார்கள், கோட் சூட் போட்டுக்கொண்டு.

இதனால் என்ன ஆயிற்று? நீண்ட தூரத்துக்கென்றே பிறந்த பெண்கள் 1500 மீட்டரில் மாட்டிக்கொண்டு கிடந்தார்கள். நார்வேயின் கிரெட்டே வைட்ஸ் அப்படி ஒருவர். ஆஸ்லோவில் பள்ளி ஆசிரியை. 1972, 1976 ஒலிம்பிக்குகளில் ஓடியது 1500 மீட்டர். 3000 மீட்டரில் உலக சாதனை வைத்திருந்தார், ஆனால் அந்தத் தூரம் அப்போது ஒலிம்பிக்கிலேயே கிடையாது. 1978இல் கணவரின் வற்புறுத்தலால் நியூயார்க் மராத்தானுக்குப் போனார். அதுவரை பயிற்சியில்கூட அதில் பாதித் தூரத்துக்கு மேல் ஓடிப் பழக்கமில்லை. கடைசி மைல்களில் வலி உயிர் போனது. ஓடி முடித்ததும் ஷூவைக் கழற்றிக் கணவர் மேல் வீசினாராம். நேரம் 2:32:30. இரண்டு நிமிடத்துக்கும் மேல் குறைத்த உலக சாதனை!

அடுத்த வருடம் அதே ஊரில் 2:27:33. 1980இல் 2:25:41. மொத்தம் ஒன்பது முறை நியூயார்க்கில் ஜெயித்தார்.

அடுத்து வந்தவர் அதே நாட்டின் இங்கிரிட் கிறிஸ்டியான்சன். 1983இல் மகன் பிறந்தான். 1984இல் 5000 மீட்டரை 15 நிமிடத்துக்குள் ஓடிய முதல் பெண் ஆனார். 1985இல் லண்டன் மராத்தானில் 2:21:06. 1986இல் 10,000 மீட்டரில் 30:13.74. டிராக்கின் 5000, 10,000, ரோட்டின் மராத்தான், மூன்று உலக சாதனையும் ஒரே கையில். அந்த மராத்தான் சாதனை 13 வருடம் நின்றது. 1998இல் ராட்டர்டாமில் கென்யாவின் டெக்லா லோரூப்தான் 2:20:47 ஓடி அதை உடைத்தார்.

இதை மட்டும் படித்தால் 'டிராக்கில் வேகம் இருந்தால் ரோட்டில் சாதனை நிச்சயம்' என்று தோன்றும். 2017இல் எனக்கும் அந்த நினைப்புதான். கொஞ்சம் யோசித்தால் வேறு ஒன்று புரியும். வைட்ஸ் காலத்தில் ரோட்டில் ஓடிய பெண்களே குறைவு. பூட்டி வைத்திருந்த வீட்டைத் திறந்ததும் முதலில் உள்ளே போனவருக்கு எல்லா அறையும் கிடைத்த மாதிரி. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அவ்வளவு எளிதாக இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப் 10,000 மீட்டரில் ஓடிய மிகச் சிறந்த நேரம் 30:01.09. அயானாவைவிட 44 விநாடி மெதுவு. டிராக்கில் அவருக்கு ஒலிம்பிக் பதக்கமே கிடையாது, 2000 சிட்னியில் நான்காவது இடம். ஆனால் 2003 லண்டன் மராத்தானில் அவர் ஓடியது 2:15:25. அது 16 வருடம் நின்றது, 2019இல் சிகாகோவில் பிரிஜிட் காஸ்கெய் 2:14:04 ஓடும் வரை. அயானா 2022இல் ஆம்ஸ்டர்டாமில் முதல் மராத்தான் ஓடினார். 2:17:20. அறிமுக ஓட்டத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. இருந்தும் ராட்கிளிஃபைவிட கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் பின்னால்.

ஏன் இப்படி? 10,000 மீட்டர் என்பது 25 சுற்று, அரை மணி நேர வேலை. உடம்பில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து அதற்குத் தாராளம். மராத்தான் என்பது 105 சுற்றுக்கும் மேல். முப்பது கிலோமீட்டரைத் தாண்டும்போது அந்தக் கையிருப்பு கரைய ஆரம்பிக்கும். ஓடிக்கொண்டே குடிக்க வேண்டும், குடித்தது வயிற்றில் தங்க வேண்டும். தார் ரோட்டின் அடியைத் தொடை தாங்க வேண்டும். இதெல்லாம் வேகத்தால் வருவதில்லை, வருடங்களால் வருவது.

ஹாஃப் மராத்தானில் கதை கொஞ்சம் வேறு. எத்தியோப்பியாவின் லெதசென்பெத் கிதே 2020இல் 5000 மீட்டர் சாதனையையும் (14:06.62), 2021 ஜூனில் 10,000 மீட்டர் சாதனையையும் (29:01.03) உடைத்தார். அதே அக்டோபரில் வலென்சியாவில் ஹாஃப் மராத்தானை 1:02:52இல் முடித்தார். முந்தைய சாதனை 1:04:02. எழுபது விநாடியை ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்! ஒரு மணி நேர ஓட்டத்தில் டிராக் வேகம் நேராகக் கைகொடுக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அதே கிதே 2022 டிசம்பரில் முதல் மராத்தான் ஓடியபோது 2:16:49, இரண்டாம் இடம்.

இப்போது ஒரு அதிசயம். எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா. 2016 ரியோவில் இவர் ஓடியது 800 மீட்டர், அக்கா ஓடிய அதே தூரம்! காயத்தால் டிராக்கை விட்டு ரோட்டுக்கு வந்தார். 2022 மார்ச்சில் ரியாத்தில் முதல் மராத்தான், 2:34:01. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே செப்டம்பரில் பெர்லினில் 2:15:37. 2023இல் அதே பெர்லினில் 2:11:53, உலக சாதனை. கார்பன் தகடு வைத்த, ஒற்றை ஷூ 138 கிராம் எடையுள்ள புது ஷூவுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அதே மாதிரி ஷூ மற்றவர்களுக்கும் கிடைக்கிறதே.

நெதர்லாந்தின் சிஃபான் ஹசனையும் சொல்ல வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரே வாரத்தில் 5000 மீட்டரில் வெண்கலம், 10,000 மீட்டரில் வெண்கலம், மராத்தானில் தங்கம். கடைசி சில நூறு மீட்டரில் அசெஃபாவை முந்தியது டிராக்கில் பழகிய வேகம். பதக்கம் வாங்கித் தர அந்த வேகம் போதும். சாதனை நேரத்துக்கு? 2023 சிகாகோவில் அவர் ஓடியது 2:13:44. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அசெஃபா பெர்லினில் அதைவிட கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் வேகமாக ஓடியிருந்தார்.

2:10க்குள் முதலில் ஓடிய பெண் ரூத் செப்ங்கெடிச், 2024 சிகாகோவில் 2:09:56. அவர் ரோட்டிலேயே வளர்ந்தவர், டிராக் ராணி இல்லை. 2025 மார்ச்சில் எடுத்த சோதனையில் தடை செய்யப்பட்ட மருந்து தெரிந்து அவருக்கு மூன்று வருடத் தடை விழுந்தது. சிகாகோ ஓட்டம் அதற்கு முந்தையது என்பதால் சாதனைப் புத்தகத்தில் நிற்கிறது. அதை எப்படிப் பார்ப்பது என்பதை உங்களிடமே விடுகிறேன்.

நம் நாட்டிலும் இதே பாடம்தான். 1500, 5000 மீட்டர்களில் ஆசியப் பதக்கம் வாங்கிய கேரளத்தின் ஓ.பி. ஜெய்ஷா ரோட்டுக்கு வந்து, 2015 பெய்ஜிங் உலகப் போட்டியில் 2:34:43 என்று தேசிய மராத்தான் சாதனை வைத்தார். மகாராஷ்டிரத்தின் லலிதா பாபர் தலைகீழ். மும்பை மராத்தானில் இந்தியப் பெண்களில் மூன்று முறை முதலிடம் பிடித்துவிட்டு டிராக்குக்குப் போய், ரியோவில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் இறுதிச் சுற்றில் ஓடினார். அன்று டெல்லியில் எங்கள் கண் முன்னால் இந்தியப் பெண்களில் முதலாவதாக வந்தவர் யார் தெரியுமா? நம்ம புதுக்கோட்டை சூர்யா லோகநாதன். டிராக்கில் 5000, 10,000 ஓடுகிறவர். நேரம் 1:10:31. அயானாவுக்குத் தட்டாத கையை அக்கா சூர்யாவுக்குத் தட்டினாள்.

ஆக, டிராக் ராணிகளால் ரோட்டில் சாதனை உடைக்க முடியுமா? முடியும், உடைத்தும் இருக்கிறார்கள். ஆனால் வந்த அன்றே உடைத்தது பெரும்பாலும் பழைய கதை. வேகம் கொண்டுவருகிற முதல் மட்டும்தான். வருடங்களையும் கொடுத்தால்தான் அது வட்டி சேர்த்துத் திரும்பும்.

2023 செப்டம்பரில் அசெஃபா உடைத்த அன்று இரவே அக்காவுக்கு போன் போட்டேன். "நான் அன்னிக்கே சொல்லலை?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம குட்டி இப்ப ஓடறாளா?" என்று கேட்டாள்.

பதில் சொல்லச் சங்கடமாக இருந்தது. என் மகளும் இங்கே பள்ளியில் 800 மீட்டர் ஓடியவள்தான். 2019இல் பத்தாம் வகுப்பு போர்டு எக்ஸாம் என்று "ஒரு வருஷம் நிறுத்தி வைம்மா" என்றேன். அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. பெரியவர்கள் அக்காவிடம் உடம்பு என்று சொன்னதை நான் மகளிடம் எக்ஸாம் என்று சொல்லியிருக்கிறேன். வேறு வித்தியாசம் இல்லை.

இப்போது அவள் புனேயில் வேலை பார்க்கிறாள். போன மாதம் அவளாகவே ஷூ வாங்கிக் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட ஆரம்பித்திருக்கிறாள். எவ்வளவு நேரத்தில் ஓடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. அக்கா கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறாள், என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

உங்கள் வீட்டுப் பெண் ஓடுகிறாளா? ஒன்பதாவது, பத்தாவது வரும்போது என்ன செய்தீர்கள்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.