தரம்சாலாவிலிருந்து ஒரு நடைப்பயணம்

மாணவர்களே, இந்தியப் படத்தை விரித்து ஹிமாசலப் பிரதேசத்தில் காங்ரா ஜில்லாவைத் தேடிப் பாருங்கள். பனிமலை ஒன்றின் அடிவாரத்தில் தரம்சாலா என்னும் ஊர் இருக்கும். 2008ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், அவ்வூரிலிருந்து திபெத்திய அகதிகள் ஏறத்தாழ நூறு பேர் தாய்நாட்டை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டனர். பிக்குகளும், பிக்குணிகளும், இளைஞர்களும் அவர்களுள் இருந்தனர்.

அந்த நாளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1959ஆம் ஆண்டு அதே மார்ச்சு 10ஆம் நாள், லாசா நகரத்துச் சீனப் படைத்தலைமையகத்தில் நடைபெறும் கலைநிகழ்ச்சிக்குத் தலாய் லாமா அழைக்கப்பட்டிருந்தார். மெய்க்காவலரின்றி வரவேண்டும் என்ற செய்தி பரவவே, அவரைக் கவர்ந்து சென்றுவிடுவர் என மக்கள் அஞ்சினர். பல்லாயிரவர் திரண்டு நோர்புலிங்கா மாளிகையைச் சூழ்ந்து காவல் நின்றனர். 17ஆம் நாள் இரவு, இருபத்து மூன்றே வயதினரான தலாய் லாமா போர்வீரர் உடையில் வெளியேறி, மலைகளைக் கடந்து, 31ஆம் நாள் இந்திய மண்ணை மிதித்தார். அவரைப் பின்தொடர்ந்து ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் அடைக்கலம் தேடி வந்தனர்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1959, 1961, 1965 ஆகிய ஆண்டுகளில் திபெத்தியரின் உரிமைகளைக் குறித்து மூன்று தீர்மானங்களை நிறைவேற்றியது. நிலைமை மாறவில்லை. ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன். 1995ஆம் ஆண்டு மே மாதம், பஞ்சன் லாமாவின் மறுபிறவி எனத் தலாய் லாமா ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அறிவித்தார். சில நாட்களுக்குள் சீன அதிகாரிகள் அவனைக் குடும்பத்தோடு கொண்டு சென்றனர். அதன்பின் வெளியுலகம் அவனைக் கண்டதில்லை.

2008 ஆகஸ்டில் பீகிங் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெறவிருந்தன. உலகத்தின் கண்கள் சீனத்தின்மீது பதிந்திருக்கும் அவ்வேளையில் எல்லையை அடைய வேண்டும் என்பதே நடந்தவர்களின் எண்ணம். காங்ரா ஜில்லாவைத் தாண்டலாகாது எனப் போலீசார் தடையாணை பிறப்பித்தனர். அவர்கள் நிற்கவில்லை. நான்காம் நாள் வழிமறிக்கப்பட்டுக் கைதாயினர். ஆயினும் இரண்டாம் அணியொன்று புறப்பட்டு நடையைத் தொடர்ந்தது. அதே நாட்களில் லாசாவில் கிளர்ச்சி மூண்டது. 14ஆம் நாள் சீன வணிகர்களின் கடைகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன, கடுமையான அடக்குமுறை தொடர்ந்தது.

இந்நடையைத் தண்டி யாத்திரையோடு ஒப்பிடுவார் உண்டு. நடந்தவர்களும் காந்தியடிகளையே வழிகாட்டியாகக் கொண்டனர். 1930ஆம் ஆண்டு, அதே மார்ச்சு மாதத்தில், எழுபத்தெட்டுத் தொண்டர்களோடு அடிகள் சபர்மதியிலிருந்து புறப்பட்டார். ஒற்றுமை கண்ணுக்குத் தெரிவது. வேற்றுமையை நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அடிகள் தம் மண்ணில் நடந்தார். தாம் எதிர்த்த ஆட்சியின் சட்டத்தையே மீறினார். அகதியோ அயலார் மண்ணில் நடக்கிறான். அவனை ஒடுக்கிய அரசு எல்லைக்கு அப்பால் இருக்கிறது. அவன் மீற நேர்வதோ அவனுக்குச் சோறும் நிழலும் தந்த நாட்டின் ஆணையை.

இந்தியாவின் நிலையும் எளிதன்று. அகதிகளை ஏற்று, மைசூர் நாட்டுப் பைலகுப்பை முதலிய இடங்களில் நிலமும் பள்ளிகளும் அளித்த நாடு இது. ஆனால் சீனத்துக்கு எதிரான அரசியல் நடவடிக்கைகளைத் தன் மண்ணில் அனுமதிப்பதில்லை என்பதும் இதன் கொள்கை. திபெத்துத் தன்னாட்சிப் பகுதி சீனத்தின் பகுதியே என்று 2003ஆம் ஆண்டு கூட்டறிக்கையிலும் ஒப்புக்கொண்டிருந்தது. எல்லையில் சீனப் படைவீரரோடு மோதுவதால் விளையும் பயன் என்ன என்று தலாய் லாமாவே ஐயுற்றார். அகதிகள் நன்றி மறந்தனர் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. தடுத்த போலீசாரை அவர்கள் பகைவராக எண்ணிக் கை ஓங்கியதில்லை. அவர்களுடைய வழக்கு வேறொருவரோடு.

இரண்டாம் அணி டில்லி வழியாக உத்தராகண்டத்து மலைகளை அடைந்தது. வழியில் பலர் வந்து சேர்ந்தனர். நடந்தவர்களுள் பலர் இந்தியாவில் பிறந்தவர்கள். பெற்றோர் சொல்லக் கேட்டதன்றித் திபெத்தைக் கண்டவர் அல்லர். மூன்று மாதங்களுக்கு மேல் நடந்தபின், ஜூன் மாதத்தில், எல்லைப்புற ஜில்லாவாகிய பிதோராகட்டில் அவர்களும் தடுக்கப்பட்டுக் கைதாயினர். மலைக்கு அப்பால் திபெத்து இருந்தது.