நீரிழிவு, நடை, வெயில்: திருவள்ளூர் வட்டாரம்

நீரிழிவுக்கு நடையை மருந்தாகச் சொல்வது புதிதன்று. பொருள் வசதியற்ற நோயாளி நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும் என்கிறது சுசுருத சங்கிதை. அதுவும் காலணியும் குடையும் இன்றி. நடை என்ற பாதி இன்றும் நிற்கிறது. வெறுங்காலை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. நெடுநாள் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குத் தார்ச்சாலையின் சூடு தெரியாது. கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும்.

தமிழகத்தில் மருத்துவர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனை எழுந்தது. நடையின் பயனை எண்ணால் காட்டிய ஆய்வு ஒன்றும் இங்கிருந்தே வந்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்திய அந்த ஆய்வு 2006இல் வெளியானது. உணவு முறையையும் நடையையும் கடைப்பிடித்தோருக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 விழுக்காடு குறைந்திருந்தது.

2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஒன்று வெளியே வரச் சொல்கிறது, மற்றொன்று உள்ளே இருக்கச் சொல்கிறது!

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த முரண் கூர்மையானது. மேற்கே திருத்தணியில் வறண்ட வெயில். கிழக்கே கும்மிடிப்பூண்டியில் கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை எளிதில் உலராது, உடல் தணியாது. சிப்காட் ஆலைகளைச் சுற்றிய சாலைகளில் கனரக லாரிகள் ஓடுவதால் இருட்டில் நடப்பதும் ஆபத்தே.

வெயிலில் நடக்கும் முதியவருக்குப் பெரிய சிக்கல் அடையாளக் குழப்பம். சர்க்கரை தாழ்ந்தாலும் வியர்க்கும், படபடக்கும், தலை சுற்றும். வெயில் தாக்கினாலும் அப்படியே. வெறும் வயிற்றில் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு நடந்தவர், வெயில்தான் காரணம் என்று நிழலில் உட்கார்ந்துவிட்டால் மயக்கம் வரை போகக்கூடும். உடனே நிழலுக்குப் போவதோடு குளுக்கோஸோ சர்க்கரையோ வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவோர் உடலில் நீர் விரைவில் வற்றும். சித்திரை, வைகாசியில் மாத்திரை அளவை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்சுலினுக்கும் வெயில் ஆகாது. பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பொதுவாக 30 பாகை செல்சியசுக்குக் கீழ் வைக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீடுகளில் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கிறார்கள்.