நோத்ருதாம் பேயின் வயது

பாரிஸின் நோத்ருதாம் பேராலயம் என்றதும் பலரது மனக்கண்ணில் எழுவது ஒரு பேயுருவம். தலையில் கொம்பு, முதுகில் சிறகு. கைகளில் முகத்தைத் தாங்கி, நாவை நீட்டியபடி கோபுர விளிம்பிலிருந்து நகரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கற்சிலை அது. அதற்குப் பெரும்புகழ் தேடித்தந்தது ஷார்ல் மெரியோன் 1853இல் படைத்த 'லெ ஸ்த்ரீஜ்' என்னும் சித்திரம். செப்புத்தகட்டில் கீறி, கீறலை அமிலத்தால் அரித்து, மையிட்டு அச்செடுத்த ஓவியம். மெரியோனுக்கு நிறக்குருடு இருந்தது; எனவே வண்ணங்களைத் துறந்து இக்கலைக்கு வந்தவர்.

ஸ்த்ரீஜ் என்பது தொன்மங்களில் வரும், இரத்தம் குடிக்கும் இரவுப் பிறவி. சித்திரத்தின் அடியில் மெரியோன் பொறித்த ஈரடிச் செய்யுள், தணியாத காமத்தின் உருவமாக அதைச் சுட்டுகிறது. பேயைச் சூழ்ந்து கரும்பறவைகள் வட்டமிடுகின்றன. எதிரே நிற்பது புனித யாக்கோபு ஆலயத்தின் கோபுரம். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1797இல் ஆலயம் இடிக்கப்பட, எஞ்சியது கோபுரம் மட்டுமே. கோயிலை இழந்த கோபுரம் ஒருபுறம், கோயிலின் உச்சியில் பாவம் மறுபுறம்.

இதை இடைக்கால கிறித்துவத்தின் குரலாகவே பலரும் வாசித்தனர். உண்மை வேறு. அந்தப் பேய் இடைக்காலத்தது அன்று. 1845இல் தொடங்கிய சீரமைப்பின்போது கட்டடக் கலைஞர் வியோலெ லெ தூக் வடிவமைத்துச் சேர்த்த சிலைகளுள் ஒன்று. இடைக்காலச் சிற்பிகள் அமைத்த விலங்குமுகத் தூம்புகள் மழைநீரை வெளியேற்றின; இதற்கு அந்த வேலையும் இல்லை. மெரியோன் வரைந்தபோது அதன் வயது சில ஆண்டுகளே.

இதே ஆலயத்தில் இதற்கு நேரெதிரான பிழையும் நிகழ்ந்தது. முகப்பில் நின்ற 28 சிலைகள் விவிலியம் கூறும் யூதேய அரசர்களைக் குறித்தவை. அவற்றைப் பிரான்சின் மன்னர்கள் எனக் கருதிய புரட்சியாளர்கள் 1793இல் தலைகளைத் துண்டித்தனர். அவற்றுள் 21 தலைகள் 1977இல்தான் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. பழைய புனிதம் அன்றைய அரசியலாகத் தோன்றி அழிந்தது; புதிய கற்பனை பழைய சமயமாகத் தோன்றி நிலைத்தது. ஒரு குறியீட்டின் பொருளைக் கேட்குமுன் அதன் வயதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இவ்விரண்டையும்விட வேறு சான்று வேண்டுமா?

அதனால் மெரியோனின் சித்திரம் பொய்யாகிவிடவில்லை. அந்தப் பேயின் பார்வை பீடத்தின் பக்கம் இல்லை, நகரத்தின் மேல் இருக்கிறது. அது உரைப்பது இடைக்காலத்தின் நரக அச்சத்தை அன்று. தன் நகரைக் கண்டு தானே அஞ்சிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் மனத்தை.