வீதி முன்னுரிமையிடல் (இலங்கை)

வீதி முன்னுரிமையிடல் என்பது, செப்பனிட வேண்டிய வீதிகள் பலவாகவும் கையிலுள்ள பணம் குறைவாகவும் இருக்கும்போது எதற்கு முதலில் நிதி ஒதுக்குவது என்று அரசு அளந்து தீர்மானிக்கும் முறை. இலங்கையில் இது வீதி யாருக்குரியது என்பதிலிருந்தே தொடங்குகிறது. சுமார் 12,000 கிலோமீற்றர் நீளமான ஏ, பி வகுப்பு வீதிகள், 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் உள்ளன. சி, டி வீதிகள் மாகாண சபைகளுக்குரியவை. ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் நகர, பிரதேச சபைகளின் பொறுப்பு. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் ஏறத்தாழ 40,000 பேர் நெருங்கி வாழும் காத்தான்குடியில் இந்தப் பங்கீட்டைக் கண்ணால் காணலாம். நடுவே பேரீச்சை மரங்கள் நிற்கும் முதன்மை வீதி ஏ4 நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. அதிலிருந்து பிரியும் ஒழுங்கைகள் நகர சபையின் கணக்கில் வருகின்றன. நெடுஞ்சாலையை உயர்த்திக் காபட் போட்டால், மாரி மழையில் ஒழுங்கையின் வெள்ளம் எந்த வடிகானால் வெளியேறும் என்பது இரு நிறுவனங்களுக்கு இடையே விழுந்துவிடும் கேள்வி. ஒவ்வொரு நிறுவனமும் தன் வீதியை மட்டும் அளந்தால், அந்த வெள்ளம் எவருடைய மதிப்பீட்டிலும் இடம்பெறாது.

பெரிய திட்டங்களுக்கான கணக்கு பெரும்பாலும் எச்டிஎம்-4 என்னும் மென்பொருள் வழியே நடக்கிறது. நாளொன்றுக்கு ஓடும் வாகனங்களின் சராசரி, வீதிப் பரப்பின் கரடுமுரடு, திருத்தச் செலவு ஆகியவற்றைக் கொடுத்தால், எரிபொருளிலும் தேய்மானத்திலும் பயண நேரத்திலும் மிச்சமாகும் தொகையை அது காட்டும். அதிலிருந்து திட்டத்தின் பொருளாதார வருவாய் வீதம் பெறப்படுகிறது. முறை நேர்மையானது, இரு வீதிகளை ஒரே அளவுகோலில் வைக்கிறது. ஆனால் இன்று ஓடும் வாகனத்தை எண்ணுவதே அதன் அடித்தளம். வீதி கெட்டுப்போனதால் ஓடாமல் நின்றவை அந்த எண்ணிக்கையில் வருவதில்லை. மோட்டார் சைக்கிளும் துவிச்சக்கர வண்டியும் காரின் சிறு பின்னமாகவே கணிக்கப்படுகின்றன. பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளையின் நேரத்துக்கு மதிப்பே கிடைக்காமல் போகக்கூடும். இருசக்கர வண்டியிலும் முச்சக்கர வண்டியிலும் நடையிலும் இயங்கும் ஓர் ஊரை இந்த அளவுகோல் உள்ளதைவிடச் சிறிதாகவே காட்டும்.

காத்தான்குடிக்குத் தெற்கே, ஆரையம்பதியை அடுத்துள்ள மண்முனைப் பாலம் இதற்குத் தெளிவான சான்று. ஜப்பானின் நன்கொடையில் கட்டப்பட்ட அது 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முன் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வருவோர், வாவியை 'பாதை' எனப்படும் மிதவையில் கடந்தனர். இல்லையேல் வடக்கே வலையிறவுப் பாலத்தையோ தெற்கே பட்டிருப்புப் பாலத்தையோ சுற்றி வந்தனர். அந்த மிதவையில் ஏறிய வாகனங்களை மட்டும் எண்ணி முடிவெடுத்திருந்தால், பாலத்துக்கான தேவை அற்பமாகவே தோன்றியிருக்கும். மேற்குக் கரையான படுவான்கரை 2007 வரை போரால் துண்டுபட்டிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், குறைந்த போக்குவரத்து என்பது தேவையின் அளவல்ல, தடையின் அளவு என்பது விளங்கும். அக்கரை நெல் இக்கரைச் சந்தைக்கும், அக்கரை நோயாளி மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கும் வந்து சேரும் வழியை வாகன எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிட முடியாது.

வாகனம் குறைந்த வீதியில் கடன் பணத்தைக் கொட்டுவது வீண் என்ற மறுப்பு எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய நாட்டுக்கு அது பொறுப்பான கேள்வி. ஆனால் கடன் தருவோரே இந்த இடத்தில் நெகிழ்ந்துள்ளனர். ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் பொதுவான திட்டங்களுக்கான குறைந்தபட்ச வருவாய் வீதத்தை 9 சதவீதமாக வைத்தபோது, வறியோருக்கான கிராம வீதிகள் போன்றவற்றுக்கு 6 சதவீதமே போதும் என்றது. கிழக்கு மாகாணத்தையும் உள்ளடக்கி அந்த வங்கியின் நிதியில் தொடங்கிய இரண்டாவது 'ஐ வீதி' திட்டமும் கிராமத்தை நகரத்தோடு இணைப்பதையே இலக்காகக் கொண்டது. எத்தனை வாகனம் என்று கேட்பதற்குப் பதில் எத்தனை பேர் எட்டாத் தொலைவில் இருக்கிறார்கள் என்று கேட்டாலும், அதற்கும் எண்ணால் விடை உண்டு.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடுமையானது: சமூகத் தேவை என்ற அளவுகோலைச் சேர்த்தால் அரசியல்வாதியின் விருப்பம் அதன் வழியே நுழைந்துவிடும். அது ஏற்கெனவே நுழைந்திருக்கிறது. 1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், பாராளுமன்ற உறுப்பினரின் பரிந்துரையே சிறு வீதிகளுக்குப் பணம் கொண்டுவருகிறது. அங்கே புள்ளியிடலே கிடையாது. விருப்பத்தைக் கட்டுப்படுத்த உள்ளூர்க் குரலின் பங்கை முன்கூட்டியே எழுதி வைப்பதே நல்ல வழி. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2013இல் இயற்றிய சட்டம் அப்படித்தான் செய்கிறது: மாநில அளவிலான திட்டங்களுக்குத் தரவு மட்டுமே அடிப்படை, வட்டார அளவில் 70 சதவீதம் தரவு, 30 சதவீதம் உள்ளூர்க் கருத்து, கீழ்மட்டத்தில் இரண்டும் சரிபாதி. வேர்ஜீனியாவோ திட்டத்தின் புள்ளியை அதற்குக் கேட்கப்படும் தொகையால் வகுக்கிறது. பகுதிக்கேற்ப நெரிசல், பாதுகாப்பு, பொருளாதாரம் ஆகியவற்றின் எடையையும் மாற்றுகிறது. புள்ளிகளைப் பொதுமக்கள் பார்க்கலாம்.

மட்டக்களப்பு வாவிப் பகுதிக்கு அந்த எடைகளை அப்படியே எடுத்துவர வேண்டியதில்லை. இங்கு வடிகால், மாரிகாலத்தில் வீதி துண்டிக்கப்படும் நாட்கள், நடப்போர், இருசக்கர வண்டியோட்டிகள், வாவியைக் கடக்கும் தூரம் ஆகியவற்றுக்குத் தனிப் புள்ளி வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை நினைத்தால் இவை மிகையான கோரிக்கைகள் அல்ல. புள்ளிகளை வெளியிடப் புதிய சட்டமும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், குறித்த தொகைக்கு மேற்பட்ட திட்டங்களின் விவரங்களை வேலை தொடங்குமுன்பே மக்களுக்கு அறிவிக்கும் கடமையை அமைச்சர்கள்மீது சுமத்தியிருக்கிறது. அந்த அறிவித்தலோடு தெரிவான வீதியின் புள்ளியையும் தெரிவாகாத வீதிகளின் புள்ளிகளையும் இணைத்துவிடலாம்.