புறாவின் வீடு எங்கே இருந்தது? கூண்டின் அமைவிடமும் செய்தியின் திசையும்

தூதுப்புறாவைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அதன் சிறகைப் பற்றியே பேசுகிறோம். எவ்வளவு தொலைவு பறந்தது, எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்ந்தது என்பவையே வியப்புக்குரியனவாகின்றன. தகவல்தொடர்பின் வரலாற்றைப் பயில்வோர் அதற்கு முன்னர்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தப் புறாவின் கூண்டு எங்கே இருந்தது?

தூதுப்புறா அறிந்தது ஒரே வழி, தன் வீட்டுக்குத் திரும்பும் வழி. அதைக் கூடையில் வைத்துத் தொலைவுக்கு எடுத்துச் சென்று விடுவிக்கிறோம். அது வீடு திரும்புகிறது. காலில் கட்டிய தாளும் உடன் வருகிறது. எனவே செய்தி யாரிடம் சேரும் என்பதை அதை எழுதுபவர் முடிவு செய்வதில்லை. பல மாதங்களுக்கு முன்பே கூண்டுக்கு இடம் தேர்ந்தவர் முடிவு செய்துவிடுகிறார். இவ்வினத்தின் மூதாதையான பறவையைத் தமிழ் மாடப்புறா என்று அழைக்கிறது. பெயரிலேயே வீடு இருக்கிறது.

கூண்டு அமைக்கும் கலையின் நுட்பங்கள் யாவும் இந்த வீடு திரும்புதலைச் சுற்றியே அமைந்தவை. தரையின் ஈரம் எட்டாத உயரம், காற்றோட்டம், காலை வெயில் படும் முகப்பு, மழைச்சாரல் புகாத பக்கம் ஆகியவை பறவையின் உடல்நலத்துக்காக. உயர்ந்த மரங்களும் மின்கம்பிகளும் மறிக்காத வெளி, வந்திறங்க ஒரு பலகை, உள்நோக்கித் தள்ளினால் திறந்து வெளிநோக்கித் தள்ளினால் திறவாத கம்பிக் கதவு ஆகியவை செய்தியின் விரைவுக்காக. நூறு மைல் பறந்து வந்த புறா கூரையில் அமர்ந்து அரை மணி நேரம் இறகு கோதிக்கொண்டிருந்தால் அத்தனை விரைவும் வீண்.

இவற்றினும் முதன்மையானது இளம் பறவையைப் பழக்குவது. நெடுந்தொலைவு பறக்கத் தொடங்குமுன் அது கூண்டை ஒட்டிய கம்பி அடைப்பிலிருந்து சுற்றுப்புறத்தைப் பார்த்துப் பழக வேண்டும். ஓரிடத்தை வீடாக ஏற்றுப் பறந்து பழகிய புறாவை வேறிடத்தில் குடியமர்த்துவது கடினம். விட்டால் பழைய வீட்டை நாடியே போகும். ஆகவே புதிய கூண்டு பெரும்பாலும் வெளியிலிருந்து கொணர்ந்த முதிர்ந்த பறவைகளால் நிலைபெறுவதில்லை. அவற்றை அடைத்து வளர்த்துப் பெறும் குஞ்சுகளாலேயே நிலைபெறுகிறது.

இடம்பெயரும் அதிகாரத்துக்கு இது ஒரு சிக்கல். அக்பரின் அரசவை இதற்குக் கண்ட தீர்வை அபுல் ஃபசல் ‘ஆயினே அக்பரி’யில் பதிவு செய்திருக்கிறார். அரசரிடம் 20,000க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்தன என்றும் அவற்றுள் 500 சிறப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்றும் அந்நூல் கூறுகிறது. பாசறை பெயரும்போது கூடுகளைச் சுமையாட்கள் தூக்கிச் சென்றனர். அங்கே புறா வளர்ப்பு பெரிதும் பொழுதுபோக்கே. எனினும் பறவையின் வீடும் பேரரசரின் வீடும் சேர்ந்தே நகர்ந்தன என்பது கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டுவது ஒரிசா காவல்துறையின் புறா அஞ்சல். 1946இல் இராணுவம் அளித்த 200 புறாக்களுடன் மலைப்பாங்கான கோராபுட் மாவட்டத்தில் அது சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சாலையும் தந்தியும் எட்டாத பகுதிகளைத் தலைமையகத்துடன் இணைப்பதே நோக்கம். பின்னர் பெல்ஜிய ஹோமர் இனப் புறாக்களை வளர்க்கும் மையம் கட்டக்கில் அமைந்தது.

1948 ஏப்ரல் 12 அன்று ஹிராகுட் அணைக்கான விழாவில் கலந்துகொண்ட பிரதமர் நேரு, மறுநாள் சம்பல்பூரிலிருந்து கட்டக்குக்குப் புறா வழியே செய்தி அனுப்பினார். கட்டக்கில் நடக்கவிருந்த பொதுக்கூட்டத்தில் பேச்சாளரையும் கேட்போரையும் பிரித்துவைக்கும்படியான ஏற்பாடுகள் வேண்டாம் என்பதே அதன் சாரம். காலை 6 மணிக்கு விடுவிக்கப்பட்ட பறவை 11.20க்குக் கட்டக்கை அடைந்தது. இந்நிகழ்வு பெரும்பாலும் வேகத்தின் கதையாகவே சொல்லப்படுகிறது. அந்தப் புறாவின் வீடு கட்டக்கில் இருந்ததால்தான் பிரதமரின் சொல் அங்கே சேர்ந்தது. அதே பறவையைக் கொண்டு கட்டக் அவருக்கு மறுமொழி அனுப்பியிருக்க இயலாது. பேசுவோருக்கும் கேட்போருக்கும் இடையே இடைவெளி கூடாது என்ற செய்தி, மறுமொழிக்கு வழியற்ற ஊடகத்தில் பயணம் செய்தது.

இந்தக் குறையைக் காவல்துறையும் அறிந்திருந்தது. அதன் சேவை மூவகைப்பட்டது. முதலாவது நிலையான கூண்டு. பறவைகளைத் தொலைவிடங்களுக்கு எடுத்துச் சென்று அங்கிருந்து விடுவிப்பார்கள். செய்தி ஒருவழியில் மட்டுமே செல்லும். இரண்டாவது இடம்விட்டு இடம் நகரும் கூண்டு. மூன்றாவது ‘பூமராங்’ எனப்பட்ட இருவழிச் சேவை. உறைவிடத்தை ஓரிடத்திலும் இரையை மற்றோரிடத்திலும் வைத்துப் பழக்குவதே இருவழிப் பயிற்சிக்குரிய பொதுவான முறை. சுருங்கச் சொன்னால், மறுமொழி வேண்டுமெனில் பறவைக்கு இரண்டு ‘வீடுகள்’ வேண்டும். அதற்குக் கூடுதல் உழைப்பும் கூடுதல் காலமும் தேவை.

1982 வெள்ளத்தில் பாங்கி நகரம் துண்டிக்கப்பட்டபோதும், 1999 பெரும்புயலில் பிற தொடர்புகள் அறுந்தபோதும் இப்புறாக்கள் பயன்பட்டன. பேரிடரில் இரண்டு வகைச் செய்திகள் உண்டு. ஒன்று, பாதிக்கப்பட்ட இடத்திலிருந்து தலைமையகத்துக்குச் செல்லும் அறிக்கை. மற்றது, தலைமையகத்திலிருந்து மக்களிடம் சேர வேண்டிய எச்சரிக்கை. தலைமையகக் கூண்டு முதலாவதை மட்டுமே சுமக்கும். இரண்டாவதைச் சுமக்க வேண்டுமானால் வெள்ளம் வரும் ஊரிலும் ஒரு கூண்டு இருந்திருக்க வேண்டும்.

பந்தயப் புறா வளர்ப்போர் இதை நன்கறிவர். சென்னை உள்ளிட்ட நகரங்களின் மொட்டை மாடிகளில் ஹோமர் புறாக்கள் வளர்கின்றன. பந்தயத்தில் எல்லாப் பறவைகளும் ஒரே இடத்திலிருந்து விடுவிக்கப்பட்டாலும் சேருமிடம் ஒவ்வொன்றுக்கும் வேறு. எனவே ஒவ்வொரு கூண்டுக்குமான தொலைவைத் தனித்தனியே அளந்து, பறந்த நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். கூண்டின் இடம் தெரியாமல் வேகம் என்ற சொல்லுக்கே அங்கு பொருள் இல்லை.

தந்தி, வானொலி, கைப்பேசி ஆகியவற்றை ஆராயும்போதும் இந்த அளவுகோல் உதவும். ஒரு சாதனம் எத்தனை விரைவானது என்று கேட்பதோடு, அது யாருடைய வீட்டை நோக்கிப் பறந்தது என்றும் கேட்க வேண்டும். நம் ஆவணங்களின் இயல்பையும் இது விளக்கும். செய்தி வந்து சேர்ந்த இடத்தில்தான் தாள் சேர்கிறது. கூண்டு இருந்த இடத்தின் வரலாற்றை எழுதுவது எளிது. பறவை விடுவிக்கப்பட்ட இடத்தின் வரலாற்றை எழுதத்தான் ஆய்வாளர் வேண்டும்.

கட்டக்கில் இன்றும் காவல்துறைப் புறாக்கள் பேணப்படுகின்றன. குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் அவற்றைப் பறக்கவிடுகிறார்கள். செய்தி எதுவும் இல்லாவிட்டாலும் அவை தவறாமல் வீடு திரும்புகின்றன.