குடியேற்றமும் குடியுரிமையும்

‘குடி’ தமிழின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. குடும்பம், மரபு, ஊரில் வாழும் மக்கள் எனப் பல பொருள்களை அது தாங்கி வந்துள்ளது. திருக்குறளில் ‘குடிமை’, ‘குடிசெயல்வகை’ என ஈரதிகாரங்கள் அச்சொல்லால் பெயர் பெற்றுள்ளன. புதிய நாட்டில் வாழ வந்தவரைக் ‘குடியேறியவர்’ என்கிறோம். அந்நாட்டின் உரிமை பெற்றவரைக் ‘குடிமகன்’ என்கிறோம். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஆயினும் முதற்சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லை அடைவது நம் முன்னோர் பலருக்கு எளிதாக இருக்கவில்லை.

மலாயா 1957 ஆகஸ்ட் 31ஆம் நாள் விடுதலை பெற்றது. அன்றைய அரசியலமைப்பின்படி, அந்நாள் தொடங்கி இம்மண்ணில் பிறந்தோர் இயல்பாகவே குடிமக்களாயினர். அதற்கு முன் பிறந்து, குடியுரிமை பெறாதிருந்தோர் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. குறிப்பிட்ட ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருத்தல், நன்னடத்தை, தொடக்கநிலை மலாய்மொழி அறிவு முதலியன அதற்கான நிபந்தனைகள். இங்கேயே பிறந்தவர் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மொழி நிபந்தனை இல்லை என்னும் சலுகையும் இருந்தது.

கதவு திறந்திருந்தது, ஆனால் அச்செய்தி தோட்டத்து லயங்கள் அனைத்தையும் எட்டவில்லை. அதே ஆண்டில் சிங்கப்பூரிலும் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, கோ. சாரங்கபாணி தம் ‘தமிழ் முரசு’ நாளிதழ் வழியாகத் தமிழர்களைப் பதிந்துகொள்ளுமாறு வற்புறுத்தினார். நகரத்தில் இதழைப் படித்துச் சொல்ல ஒருவர் இருந்தார். விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தொழிலாளிக்கோ பதிவு அலுவலகம் தொலைவு. பிறப்புச் சான்று பலரிடம் இல்லை. ‘என்றேனும் ஊர் திரும்புவோம்’ என்னும் எண்ணமும் சிலரிடம் இருந்தது.

இதனை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது முறையன்று. நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையை வைத்திருந்தவரும் அந்நாளில் தடையின்றி வேலை செய்தனர். அட்டையின் நிறம் அன்றாட வாழ்வில் வேறுபாடு காட்டாதபோது, அதனை மாற்ற எவர் ஒருநாட் கூலியை இழப்பர்? 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமக்கள் அல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. அப்போதுதான் அந்நிறத்தின் பொருள் புலப்பட்டது. பல்லாயிரவர் வேலையிழந்து, தாம் உழைத்து வாழ்ந்த நாட்டை விட்டுக் கப்பலேறினர். எஞ்சியோருள் பலர் முதுமை வரை சிவப்பு அட்டையுடனேயே வாழ்ந்தனர்.

சட்டம் உரிமையை வழங்கலாம். அதனை மக்கள் மொழியில் விளக்கி, அருகமர்ந்து படிவத்தை நிரப்பித் தருவதற்கு ஒருவர் வேண்டும். குடிமைக் கல்வியின் முதற்பணி அதுவே. ஆசிரியர்கள் இவ்வரலாற்றை வகுப்பறையில் கூறுதல் வேண்டும். மாணவர்கள் இன்று வீடு சென்றதும், தம் பாட்டியின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். அதன் நிறத்திற்குப் பின்னுள்ள கதையை அவரே சொல்வார்.