உலகப் பொருளாதார அபிவிருத்தியும் ஹெல்சிங்கி ஆராய்ச்சி நிலையமும்

ஆட்சி புரிவோர் நெஞ்சில் கருணை இருந்துவிட்டால் மட்டும் ஒரு தேசத்தின் வறுமை நீங்கிவிடாது. அவ்வறுமை எந்தப் பிரதேசத்தில், எவர் குடும்பத்தில், என்ன காரணத்தால் வேரூன்றியிருக்கிறது என்பதை ஐயமற அறிந்த பின்னரே கருணை காரியசித்தி பெறுகிறது. அந்த அறிவை நாடு நாடாகத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, விருப்பு வெறுப்பின்றிப் பரிசீலித்து, ஆள்வோரிடமும் ஆளப்படுவோரிடமும் ஒப்படைக்கும் சர்வதேச ஸ்தாபனங்கள் சில இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றின. அவற்றுள் விசேஷமாகக் கருதத்தக்கது, பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் 1985-ஆம் ஆண்டு பணி தொடங்கிய உலக அபிவிருத்திப் பொருளாதார ஆராய்ச்சி நிலையமாகும். ‘வைடர்’ என்ற சுருக்கப் பெயரால் அறிஞருலகம் அதனை அழைக்கிறது. கடன் கொடுக்கும் கருவூலமும் இன்றி, கட்டளையிடும் அதிகாரமும் இன்றி, ஒரு நிலையம் உலக நாடுகளின் பொருளாதாரக் கொள்கையில் எங்ஙனம் செல்வாக்குப் பெறக்கூடும் என்ற கேள்விக்கு இதன் நாற்பதாண்டுச் சரித்திரம் தக்க விடையளிக்கிறது.

ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாக விளங்கிய பர்மியப் பெருமகனார் ஊ தாண்ட், உலகத்திற்குப் பொதுவானதொரு சர்வகலாசாலை வேண்டும் என்று 1969-இல் யோசனை கூறினார். 1973-இல் அதற்குச் சாசனம் வகுக்கப்பட்டது. ஜப்பான் அரசாங்கம் மூலநிதியாகப் பத்துக் கோடி டாலர் வழங்க முன்வர, 1975-இல் டோக்கியோ நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஐக்கிய நாடுகள் சர்வகலாசாலை இயங்கத் தொடங்கிற்று. அந்தச் சர்வகலாசாலை நிறுவிய முதல் ஆராய்ச்சி நிலையமே வைடர். அதற்கு இடமும் மூலநிதியும் அளித்த பின்லாந்து, 1866 முதல் 1868 வரை கொடிய பஞ்சத்தில் சிக்கித் தன் ஜனத்தொகையில் ஏறக்குறைய 8 சதவீதத்தைப் பறிகொடுத்த தேசம் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். பசியால் மடிந்த மக்களின் சந்ததியார் நூறாண்டு கடந்து செல்வமும் கல்வியும் சமத்துவமும் எய்திய வரலாறு, ஏழை நாடுகளின் விதி மாற்றவொண்ணாதது என்னும் அவநம்பிக்கைக்கு நேரான மறுப்பாகும்.

நிலையத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் இலங்கையின் பொருளாதார நிபுணர் லால் ஜயவர்த்தன. கேம்பிரிட்ஜில் பயின்று, தம் நாட்டின் திறைசேரியில் உயர் பதவி வகித்தவராதலின், சிறியதொரு தேசம் பெரிய கடன் கொடுப்போர் முன் நிற்கும் நிலை அவருக்கு ஏட்டறிவாக மட்டும் இருக்கவில்லை. அவர் பதவியேற்ற காலமும் சங்கடமான காலம். 1982-இல் மெக்ஸிகோ தன் அந்நியக் கடனைச் செலுத்த இயலாமல் திணறியது தொட்டு, லத்தீன் அமெரிக்க நாடுகளும் ஆப்பிரிக்க நாடுகளும் கடன்சுமையில் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. அவற்றுக்கு உதவிய சர்வதேச நிதி ஸ்தாபனங்கள், செலவைக் குறை, நாணய மதிப்பை இறக்கு, சந்தையைத் திற என்று எல்லோர்க்கும் ஏறக்குறைய ஒரே சிகிச்சையை விதித்தன. இந்நிலையில் வைடர், லான்ஸ் டெய்லர் என்ற அமெரிக்க அறிஞரின் பொறுப்பில், பல நாடுகளின் அனுபவங்களைத் தனித்தனியே ஆராய்வித்தது. விலை நிலைப்பாட்டுக்கான கொள்கைகள் ஒவ்வொரு நாட்டின் உற்பத்தி அமைப்பையும் வர்க்க அமைப்பையும் பொறுத்து வெவ்வேறு விளைவு தரும் என்ற முடிவு, 1988-இல் நூலாக வெளிவந்தது. கடன் கொடுப்பவர் கூறும் சித்தாந்தத்தைக் கடன் கொடுக்காத ஒருவரே அச்சமின்றி ஆராய முடியும். மூலநிதியின் வருமானத்தால் கிடைத்த சுதந்திரத்தின் முதற்பயன் இது.

நிலையத்தின் ஆரம்பகால ஆராய்ச்சிகளுள் தலையாயது, பொருளாதார அறிஞர்களான அமர்த்திய சென்னும் ஜான் திரேஸும் சேர்ந்து பசியைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி. 1989-இல் வெளிவந்த அவர்களது நூல், பஞ்சம் என்பது மழை பொய்த்ததன் தவிர்க்கவியலாத விளைவு என்ற பழைய எண்ணத்தை மேலும் தகர்த்தது. 1970 முதல் 1973 வரை மகாராஷ்டிரத்தில் நேர்ந்த கடும் வறட்சியில் விளைச்சல் பெரிதும் குன்றிய போதிலும், அரசாங்கம் பொதுவேலைகளைத் திறந்து, உச்ச கட்டத்தில் சுமார் 50 லட்சம் பேருக்குக் கூலி கொடுத்து, பெரும் பஞ்சத்தைத் தடுத்தது. கையில் காசு சேர்ந்த மக்கள் தானியத்தை விலைக்குக் கேட்டனர். கேட்ட இடத்திற்குத் தானியம் வந்து சேர்ந்தது. இதற்கு நேர்மாறாக, 1958 முதல் 1961 வரை சீனத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டபோது, அதனை எடுத்துக்கூறப் பத்திரிகையும் இல்லை, தட்டிக்கேட்க எதிர்க்கட்சியும் இல்லை. ஆயினும் பஞ்சத்தைத் தவிர்த்த இந்தியா, நாள்தோறும் உடலை அரிக்கும் அரைப்பசியைப் போக்கத் தவறிற்று என்பதையும், பின்னாளில் சீனம் அத்துறையில் முந்திற்று என்பதையும் அவ்வாசிரியர்கள் தயங்காமல் எழுதினர். 1942-இல் மலிவு விலை அரிசி விநியோகத்தைத் தொடங்கி, கல்விக்கும் வைத்தியத்திற்கும் பொதுப்பணத்தைச் செலவிட்ட இலங்கை, வருமானம் குறைந்த நிலையிலேயே மக்களின் ஆயுளை நீட்டித்த பான்மையையும் அந்நூல் எடுத்துக்காட்டியது. செல்வம் பெருகிய பின்னர்தான் சுகவாழ்வு வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதனால் போதரும் நீதி.

அதே நிலையத்தில் சென்னும் தத்துவ அறிஞர் மார்த்தா நஸ்பாமும் நடத்திய தத்துவ விசாரணை, 1993-இல் வாழ்க்கைத் தரம் பற்றிய தொகுப்பு நூலாக மலர்ந்தது. ஒருவனிடம் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதைவிட, அவன் என்ன செய்யவும் எவ்வாறு வாழவும் இயலுகிறவனாக இருக்கிறான் என்பதே அபிவிருத்தியின் அளவுகோல் என்ற கொள்கை அங்கே விரிவாக வாதிக்கப்பட்டது. பொருளாதார அறிஞர் மஹபூப் உல் ஹக் 1990-இல் தொடங்கிய ஐக்கிய நாடுகளின் மனித அபிவிருத்தி அறிக்கையும் சென்னின் இந்தக் கொள்கையையே ஆதாரமாகக் கொண்டெழுந்தது. இன்று உலக நாடுகள் தம் முன்னேற்றத்தை வருமானத்தோடு ஆயுளும் கல்வியும் சேர்த்து அளப்பதற்கு வழிவகுத்த சிந்தனைகள், இவ்வாறு பல இடங்களில் பலர் கூடி வளர்த்தவை. அவ்வாறு கூடுவதற்கு அமைதியான களம் தந்தவற்றுள் ஹெல்சிங்கி ஒன்று.

1998 ஜனவரியில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்த ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், வைடரின் வருடாந்தரச் சொற்பொழிவை ஹெல்சிங்கியில் நிகழ்த்தினார். ஆசிய நாணய நெருக்கடி மூண்டிருந்த சமயம் அது. தனியார்மயம், தாராளமயம், விலை நிலைப்பாடு என்ற அளவோடு நின்ற வாஷிங்டன் கருத்தொற்றுமை போதாது என்றும், கொள்கைக் கருவிகள் மிகவும் பெருக வேண்டும் என்றும், சமத்துவமும் ஜனநாயகமும் சுற்றுச்சூழலும் நோக்கங்களாக ஏற்கப்பட வேண்டும் என்றும் அவர் விளம்பினார். உலக வங்கியின் உள்ளேயிருந்த ஒருவரே இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது, அபிவிருத்திக் கொள்கை விவாதத்தில் ஒரு திருப்பத்தைக் குறித்தது.

வாதத்திற்கு வலிமை தருவது கணக்கு. ஜோவன்னி அந்திரேயா கொர்னியா நிலையத்தின் இயக்குநராக இருந்த காலத்தில், உலக நாடுகளின் வருமான ஏற்றத்தாழ்வு பற்றிய புள்ளிவிவரங்களை ஓரிடத்தில் தொகுக்கும் பணி தொடங்கிற்று. போதிய விவரம் கிடைத்த 73 நாடுகளுள் 48 நாடுகளில் ஏற்றத்தாழ்வு முன்னிலும் மிகுந்திருப்பதை அவர் நடத்திய ஆராய்ச்சி தெரிவித்தது. நிலையம் 2006-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வருமானத்தை விட்டுச் சொத்தை அளந்தது. 2000-ஆம் ஆண்டில் உலகின் குடும்பச் சொத்தில் பாதிக்குமேல், வயது வந்தோரில் 2 சதவீதத்தினர் கையில் இருந்தது. அடிமட்டப் பாதியினர் அனைவருக்கும் சேர்ந்து கிட்டியது 1 சதவீதமே. அதுகாறும் ஊகமாகப் பேசப்பட்ட ஒன்று, அன்று முதல் எவரும் மறுக்கவோ திருத்தவோ கூடிய அளவாயிற்று.

பிற்காலத்தில் நிலையம் மேற்கொண்ட பணி, தன் அறிவைப் பிறர் கையில் ஒப்படைக்கும் பணி. எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் ஐரோப்பிய நாடுகளுக்கென உருவான கணக்கீட்டு மாதிரியைப் பின்பற்றி, கானா, டான்ஸானியா, ஜாம்பியா, மொஸாம்பிக், எத்தியோப்பியா, வியட்நாம், ஈக்வடார் முதலிய நாடுகளுக்கு ‘சவுத்மாட்’ என்ற மாதிரிகள் அமைக்கப்பட்டன. குடும்பங்களின் வரவு செலவைப் பற்றிய ஆய்வுக் கணக்கோடு அந்நாட்டின் வரிச்சட்டங்களையும் உதவித்தொகை விதிகளையும் இணைத்துவிட்டால், ஒரு வரியை உயர்த்தினாலோ முதியோர் உதவியைப் பெருக்கினாலோ எந்தக் குடும்பம் எவ்வளவு பெறும், எவ்வளவு இழக்கும், கஜானாவுக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பதைச் சட்டம் இயற்றுவதற்கு முன்னரே மதிப்பிடலாம். தென்னாப்பிரிக்காவிலோ, தேசிய நிதியமைச்சோடு கூடி, வரி செலுத்துவோரின் பெயர் நீக்கப்பட்ட பதிவேடுகளைக் காவலுடன் கூடிய ஓர் அறையில் ஆராய்ச்சியாளர் பயில ஏற்பாடு செய்யப்பட்டது. இளைஞருக்கு வேலை தரும் முதலாளிகளுக்கு 2014-இல் அளிக்கப்பட்ட வரிச்சலுகை உண்மையில் வேலைவாய்ப்பைப் பெருக்கிற்றா என்பது போன்ற கேள்விகள், அப்பதிவேடுகளைக் கொண்டே பரிசீலிக்கப்பட்டன.

ஆராய்ச்சி நிலையம் அரசாங்கத்தின் ஸ்தானத்தில் அமர முடியாது. எது நேரும் என்று அது கூறலாம். எதனைத் தேர்வது என்பதை அந்தந்த நாட்டு மக்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும்தாம் தீர்மானிக்க வேண்டும். அதன் முடிவுகள் சட்டமாக உருப்பெறப் பல வருஷங்கள் ஆகலாம். சில ஒருபோதும் உருப்பெறாமல் போகலாம். ஆயினும் கடன் கொடுப்பவரின் நிபந்தனைத் தாளைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கவும், தன் சொந்தக் கணக்கை எதிரே வைத்து வாதிடவும் வல்ல அதிகாரிகளை ஓர் ஏழை நாடு பெற்றிருக்குமாயின், அந்நாட்டின் சுயராஜ்யம் அந்த அளவிற்கு மெய்யாகிறது. ஒரு சர்வதேச ஆராய்ச்சி நிலையம் உலக அபிவிருத்திக்குச் செய்யக்கூடிய உத்தமமான சேவை இதுவே என்பது என் துணிபு.

இந்நிலையத்தின் புள்ளிவிவரத் தொகுப்புகளும் ஆய்வுரைகளும் கட்டணமின்றி எவர்க்கும் கிடைக்கின்றன. நம் கல்லூரிகளில் பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் பரீட்சைக்கென்று எழுதப்பட்ட சுருக்கங்களோடு நின்றுவிடாமல், இம்மூல விவரங்களை எடுத்துத் தாமே கணக்கிட்டுப் பழக வேண்டும். ஆசிரியர்கள் அவற்றின் முடிவுகளைத் தெளிந்த தமிழில் எழுதி, சட்டசபை உறுப்பினரும் சாமானியக் குடிமகனும் ஒருங்கே படிக்கும்படி செய்ய வேண்டும். நாட்டின் வரவு செலவுத் திட்டத்தை மக்கள் தம் தாய்மொழியில் விவாதிக்கும் நாளைக் கொணர்வதற்கு, கற்றோர் ஒவ்வொருவரும் இப்பணியில் தமக்குரிய பங்கை ஏற்க முன்வருவார்களாக.